பொங்கலுக்குக் கழுவிய கண்ணாடித் தொட்டி

18 நவம்பர் 2024, திங்கள்
கால் வீங்கிவிட்டது. துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்றால் வேறென்ன ஆகும்? தீபாவளி முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியும், அளவு சரியில்லை என்று பஞ்சாபி சூட்டைத் தூக்கிக்கொண்டு இன்னும் வருகிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் எல்லாருக்கும் திடீரென்று உடம்பு பெருத்துவிட்டது போல.

வீட்டுக்கு வந்தால் மாதவியின் அறைக்கதவு சாத்தியே இருக்கிறது. செராஸில் நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நாலு மாதம். அன்றைக்கு நான் கத்திய கத்தலுக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. நான் வேலைக்குப் போனதும் வெளியே வந்து சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். நானும் என் மகளும் இப்படித்தான் குடித்தனம் நடத்துகிறோம்.

24 நவம்பர், ஞாயிறு
கடையில் என்னோடு வேலை செய்யும் நூருன்னிசா அக்கா நேற்றுக் கிள்ளானிலிருந்து ஒரு பை நிறையத் தண்ணீர்ச் செடி கொண்டுவந்து கொடுத்தார். "வீட்ல உசுரோட ஏதாச்சும் அசையட்டும் குமுதா. மோட்டார் வேணாம், ஃபில்டர் வேணாம், சும்மா இருந்தா போதும் லா."

இன்று ஹாலில் உட்கார்ந்து செய்தேன். பெரிய கண்ணாடித் தொட்டி. அடியில் சலித்த தோட்டத்து மண் இரண்டு விரல், மேலே மணல், அதில் இடைவெளி தெரியாமல் செடிகள். மண் கலங்காமல் இருக்க ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெதுவாகத் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்குமாம், ஒரு நாள் வாளியில் வைத்துத்தான் ஊற்ற வேண்டுமாம். அடிக்கடி தண்ணீர் நின்றுபோகும் வீடு இது, வாளிக்கா பஞ்சம்?

29 நவம்பர்
தொட்டித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. "நோண்டாம விடு, தானா தெளியும்" என்கிறார் அக்கா. எத்தனை விஷயத்தைத்தான் விடுவது?

15 டிசம்பர்
தெளிந்துவிட்டது. ஆறு இறால் விட்டேன், நகத்தளவுதான். அறைக்கதவுக்கு வெளியே நின்று, "மாதவி, வந்து பாரேன்" என்றேன். கதவு திறக்கவில்லை. சரி.

27 டிசம்பர்
நாற்காலி தொட்டிப் பக்கம் நகர்ந்திருக்கிறது. பெருக்கும்போது நான்தான் தள்ளியிருப்பேன்.

12 ஜனவரி 2025, ஞாயிறு
பொங்கலுக்குப் பந்திங்கிலிருந்து இராஜம்மா அண்ணி வருகிறார். மாதவி இன்னும் படிக்கிறாள் என்றுதான் அண்ணன் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். லீவில் வந்திருக்கிறாள் என்று சொல்லி வைத்தது நான்தான்.

காலையிலிருந்து ஒட்டடை, திரைச்சீலை, சாமி மேடை, ஃபேன். கடைசியில் தொட்டி. கண்ணாடியில் பச்சை படிந்து, அடியில் அழுகிய இலை. போகிக்கு இப்படி ஓர் அழுக்கை நடு வீட்டில் வைத்துக்கொண்டிருப்பதா? கை சும்மா இருக்கவில்லை. இறால்களைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, தண்ணீரை சிங்க்கில் கொட்டினேன். மண்ணைப் பூச்சட்டியில் போட்டு, மணலை ஏழு தண்ணீரில் அலசி, தொட்டியைத் தேய்த்து, செடிகளைத் திரும்ப நட்டு, குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்பி, இறால்களை விட்டேன். வாளியில் வைத்திருக்க நேரமில்லை. பளபளவென்று இருக்கிறது.

13 ஜனவரி, போகி
வேலை முடிந்து வந்து பார்த்தேன். ஆறும் செத்துவிட்டன. மாதவி அவற்றை ஒரு டிஷ்யூ தாளில் வரிசையாக எடுத்து வைத்திருக்கிறாள்.

14 ஜனவரி
அண்ணி உள்ளே நுழைந்ததும், "தண்ணி எவ்ளோ சுத்தமா இருக்கு குமுதா!" என்றார். அறைக்கதவு திறந்தது.

"யாரும்மா அதக் கழுவச் சொன்னது?"

ஆறு மாதத்தில் முதல் வார்த்தை.

"குட்டி போட்டிருந்துச்சு. பதினொண்ணு. தினமும் உக்காந்து எண்ணுவேன். எல்லாத்தையும் சிங்க்ல ஊத்திட்ட."

குட்டிகளா? நான் பார்க்கவே இல்லையே.

அண்ணி முழித்தார். நான் வழக்கம்போல, "லீவுல இருக்கா அண்ணி, கொஞ்சம் டென்ஷன்" என்று ஆரம்பித்தேன். மாதவி விடவில்லை. "லீவு இல்ல அத்தை. நான் படிப்ப விட்டுட்டேன். ஏன் விட்டேன்னு எங்கம்மா ஒரு நாளும் கேட்டதில்ல."

கதவு மூடியது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. யாரும் பொங்கலோ பொங்கல் சொல்லவில்லை.

15 ஜனவரி
கேட்டதில்லையா? கேட்டேனே. "ஏண்டி இப்படிப் பண்ணே, நான் எந்த மூஞ்ச வெச்சுக்கிட்டு வெளிய போவேன்?" — அது கேள்வியா? அவளப் பத்தி அதுல என்ன இருக்கு? எல்லாம் என் மூஞ்சியப் பத்தித்தான். அசிங்கமா இருக்கு.

19 ஜனவரி, ஞாயிறு
மத்தியானம் கதவைத் தட்டினேன். "ஏன் விட்ட, சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கால் வலித்தது, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. அவளும் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

வார்டுக்கு அனுப்பிய முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்தாள். சோறு ஆறிப்போகும்வரை பேசினாள். "இதுக்குப் போயா" என்று எத்தனையோ முறை வாய் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். கேட்கக் கேட்க, பல்லைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை. அழுகைதான் வந்தது. அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

சாயங்காலம் அண்ணிக்குப் போன் செய்து, லீவு என்று சொன்னது பொய், தப்பு என்னுடையது என்றேன். "அது சரி, எதுக்குத்தான் விட்டாளாம்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியும் அண்ணி" என்று மட்டும் சொன்னேன்.