வேர்க்குரு என்று சொன்ன காலை

அடியே,

உன் பேனாவால்தான் இதை எழுதுகிறேன். மையில் தொட்டுத் தொட்டு எழுதுவாயே, அந்தக் கட்டைப் பேனா. பின்பக்கம் உன் பல் தடம் அப்படியே இருக்கிறது. உன் கணக்குக்காக நீ பேனாவைக் கடித்து நான் பார்த்ததே இல்லை. கடித்ததெல்லாம் என் கணக்குக்காகத்தான்!

நேற்று மதியம் உன் அம்மா இதைக் கொண்டுவந்து நீட்டினார். கூடவே உன் தங்கச்சி. உனக்கு அவளை மூன்று வயதுப் பிள்ளையாகத்தான் தெரியும். மூக்கு ஒழுக ஒழுக நம் சிலேட்டை நக்கிக்கொண்டு திரிவாள். இப்போது பத்து வயசு. உன் நெற்றி, உன் வாய்.

"ஏத்தா, இவளும் முதல் பாரம் பரீட்சை எழுதப்போறா. இந்தத் தெருவுல கணக்கும் இங்கிலீசும் தெரிஞ்ச பொம்பளப் புள்ள நீ ஒருத்திதான். சொல்லிக்குடு" என்றார் அத்தை.

நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். கட்டையில் ஊறிப்போன மையின் வாசனை மூக்கில் ஏறியது. ஏழு வருஷமாக நான் மூடி வைத்திருந்தது அத்தனையும் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டது.

திருக்கோகர்ணத்தில் நம் வீடுகள் எதிரெதிர். நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குச் சந்து. டவுனில் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், ஐந்தாவது முடித்து முதல் பாரம் சேர வேண்டுமானால் பரீட்சை எழுதித் தேற வேண்டும். தமிழில் சொல்வதெழுதுதல், கணக்கு, நாலு கோட்டில் இங்கிலீஷ். இடம் கொஞ்சம், வருகிற பிள்ளைகள் ஏராளம். தேறாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. முந்தின வருஷம் தேறாமல் போனவர்கள் சாணி தட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்திக்குக் கல்யாணமே பேசி முடித்துவிட்டார்கள்.

யுத்தகாலம் அது. காகிதம் கிடைக்காது, புத்தகம் அதைவிடக் கிடைக்காது. நம் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கிடைத்தது ஒரே ஒரு கணக்குப் புத்தகம், அதுவும் யாரோ எழுதித் தேய்த்தது. ஒரு நாள் நீ அரிவாள்மணையில் வைத்து அதைத் தையலோடு இரண்டாகப் பிளந்தாய். நான் அலறிவிட்டேன்.

"சரஸ்வதியை வெட்டுறியேடி!"

"வெட்டலடி. பாகம் பிரிக்கிறேன். முன்பாதி ஒனக்கு, பின்பாதி எனக்கு. வாரத்துக்கு ஒருக்கா மாத்திக்குவோம்."

விடைகள் எல்லாம் பின்பாதியில் இருந்தன. அதனால் நான் சந்தின் இந்தப் பக்கம் நின்று என் விடையைக் கத்துவேன். நீ அந்தப் பக்கத்திலிருந்து, "தப்பு! மறுபடி போடு!" என்று கத்துவாய். போகிற வருகிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். மூன்றாவது தடவையும் தப்பானால் நீயே ஓடி வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, மண்ணில் கோடு போட்டுக் காட்டுவாய். ஐயோ, நீ கணக்குப் போடுகிற அழகு! பின்னங்களை நீ அடித்து அடித்துக் கடைசியில் ஒற்றை எண்ணாக்கும்போது எனக்குக் கைதட்டத் தோன்றும். ஒரு தடவை தட்டியும் விட்டேன். அந்த வருஷம் முழுக்க நான் உனக்கு ரசிகையாக இருந்தேன், வேறு எதுவாகவும் இருக்கவில்லை.

தொட்டிக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரு குழாய் நிரப்பும், அடியில் ஒரு ஓட்டை காலி செய்யும், தொட்டி எப்போது நிறையும்? நான் அழுதுகொண்டே போட்டேன். நீ சொன்னாய், "ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சும் தண்ணி ஊத்துறவன் எவன்டி? மொதல்ல ஓட்டையை அடைச்சுட்டு வரச்சொல்லு." நான் சிரித்தேன். சிரித்த பிறகு கணக்கு வந்துவிட்டது.

அந்த மாசியில்தான் அம்மை குத்துகிறவர் நம் தெருவுக்கு வந்தார். அவர் தலை தெரிந்ததுமே அத்தை உன்னை நெல்லுக் குதிருக்குள் இறக்கி மூடிவிட்டார். ஊசி குத்தினால் மாரியாத்தா கோபித்துக்கொள்வாள் என்று அத்தைக்குப் பயம். என் அம்மாவுக்கும் அதே பயம்தான். ஆனால் நான் கிணற்றடியிலேயே அவர் கையில் சிக்கிவிட்டேன். கையில் வட்டவட்டமாகப் புண் வந்து காய்கிற வரைக்கும் நீ என்னை விடவில்லை. "மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி இருக்குடி. சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிருவாங்க, ஜாக்கிரதை!" என்று கேலி செய்தாய். குதிருக்குள் நெல்லுச் சுணை பட்டு நீ இரண்டு நாள் சொறிந்துகொண்டு அலைந்ததை நான் பதிலுக்குச் சொன்னேன். நமக்கு அது அவ்வளவுதான், ஒரு விளையாட்டு.

பரீட்சை சித்திரையில் வந்தது. அதற்கு மூன்று நாள் முன்பே எனக்கு உடம்பு சுட்டது, இடுப்பு விட்டுப்போகிற வலி. அம்மா சுக்குக் கஷாயம் கொடுத்தாள். பரீட்சை அன்று காலையில் காய்ச்சல் தணிந்திருந்தது. தலை பின்னும்போது அம்மாவின் கை என் காதுக்குப் பின்னால் வந்து நின்றது. அங்கே நின்றதுதான், நகரவே இல்லை. பிறகு என் கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டில் இரண்டு, காதுக்குப் பின்னால் மூன்று. சின்னச் சின்னதாக, கெட்டியாக.

அதை அம்மை என்று வாயால் சொல்லிவிட்டால் போதும். உடனே வாசலில் வேப்பிலை செருக வேண்டும். அம்மை இறங்கி, தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிற வரைக்கும் வீட்டிலிருந்து யாரும் வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது, யாரும் உள்ளே வரவும் கூடாது. பரீட்சையோ அன்று ஒரு நாள்தான். அடுத்த வருஷம் எனக்கு வயசு கூடிப்போய்விடும்.

"வேர்க்குரு" என்றாள் அம்மா. "சித்திரை வெயிலுக்கு வராம என்ன செய்யும்?" சந்தனத்தை இழைத்துத் தடவி, காதை மூடுகிற மாதிரி தழையத் தழையப் பின்னி, கை நீளமான ரவிக்கையைப் போட்டுவிட்டாள். எனக்குப் பத்து வயசு, ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் ஜட்கா வண்டியில் ஏறினேன். எனக்கும் அந்தப் பரீட்சை அவ்வளவு வேண்டியிருந்தது.

நம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தது உன் அம்மா. டவுன் வருவதற்குள் நான் உன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். பரீட்சை நடந்த அறையில் ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேர், நடுவே ஒரு மைக்கூடு. மத்தியானம் ஒரே தூக்குவாளியில் தயிர்சாதம் சாப்பிட்டோம். தண்ணீர்ச் சொம்பை நான் வாய் வைத்துக் குடித்துவிட்டேன். வழக்கமாக அதற்கு உன்னிடம் திட்டு வாங்குவேன். அன்று நீ ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் குடித்தாய்.

மறுநாள் எங்கள் வாசலில் அம்மா வேப்பிலை செருகினாள். எனக்கு மொத்தமே பத்துப் பதினைந்து முத்துத்தான். சீக்கிரம் இறங்கி, மூன்று தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. ஊசி குத்தினவர்களுக்கு லேசாகத்தான் வரும், குத்தாதவர்களுக்கு அப்படி இல்லை என்று பின்னால் ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்தேன். பரீட்சை முடிந்து பன்னிரண்டாம் நாள் உங்கள் வாசலில் வேப்பிலை ஏறியது. உன் தங்கச்சியை அன்றைக்கே திருவரங்குளத்துத் தாய்மாமன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நீ கிடக்கும்போதுதான் பட்டியல் ஒட்டினார்கள். என் அப்பா பார்த்துவிட்டு வந்தார். உன் பெயர் இரண்டாவது! என் பெயர் இல்லவே இல்லை. நான் சந்தில் நின்று, சாத்தியிருந்த உன் ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன்.

"அடியே, நீ ரெண்டாவது! ரெண்டாவதுடி!"

பிறகு யாரோ கிழவி பேசுவது போல ஒரு குரல் வந்தது. அது உன் குரல் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீ?"

"நானுந்தான். என் பேரும் இருக்கு."

"அப்ப ஒரே பெஞ்சுடி."

அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. பொய் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் விடியக்காலையில் உன் அம்மா அழுத சத்தம் தெருவை எழுப்பியது. என்னைப் பார்க்க விடவில்லை. பார்த்தவர்கள், முகத்தில் முத்து இல்லாத இடமே இல்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து எனக்குக் கார்டு வந்தது. ஒரு இடம் காலியாகியிருக்கிறது, வந்து சேரலாம் என்று. எந்த இடம் என்று அதில் எழுதியிருக்கவில்லை, எழுதவேண்டிய அவசியமும் இல்லை. அம்மா எனக்குப் புதுப்பாவாடை கட்டிவிட்டுக் கூட்டிப்போனாள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கணக்கு டீச்சர் பலகையில் ஒரு பின்னத்தை எழுதி, யாருக்கு வரும் என்று கேட்டார். எனக்கு வந்தது! நீ மண்ணில் போட்டுக் காட்டிய அதே மாதிரி. எழுந்து நின்றேன், வாயைத் திறந்தேன், வாந்தி எடுத்துவிட்டேன். மறுநாள் போகவில்லை. அம்மா அடித்தாள், கெஞ்சினாள், பட்டினி கிடந்தாள். நான் போகவேயில்லை.

அப்புறம் எல்லாம் நானே படித்ததுதான். பொட்டலம் கட்டி வந்த காகிதம், கடன் வாங்கிய வாரப் பத்திரிகை, பிஸ்கட் டின்னில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்து என்று எதையும் விட்டுவைக்கவில்லை. தெருவில் எல்லோரும் கெட்டிக்காரி என்கிறார்கள். அம்மா இன்று வரைக்கும் அதை வேர்க்குரு என்றுதான் சொல்கிறாள்.

இதெல்லாம் தலைக்குள் ஓட, நேற்று நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் தங்கச்சியை வாசலில் விளையாடப் போகச் சொன்னேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"அத்தை, பரீட்சை அன்னைக்கு எனக்கு வந்தது வேர்க்குரு இல்ல. முத்து. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அவ பக்கத்துல ஒக்காந்தேன்."

அத்தை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சேலைத் தலைப்பை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்த்தா" என்றார். "ஜட்காவுல நீ தூங்கிட்ட. ஓங் காதுக்குப் பின்னாடி அவதான் மொதல்ல பாத்தா. 'அம்மா, இவளுக்கு ஆத்தா வந்திருக்கா. சொல்லிறாத, வாசல்லயே திருப்பிருவாங்க'ன்னு எங்கிட்ட குசுகுசுன்னு சொன்னா."

உட்கார்ந்துவிட்டேன்.

"ஒனக்காகத்தான் நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காத. சொன்னா ஒன்னய மட்டுமா திருப்புவாங்க? ஒரே வண்டியில வந்த புள்ள, எம் மகளையும் சேத்துல்ல அனுப்புவாங்க? எம் புள்ள எழுதிரணும்னு இருந்துச்சு எனக்கு. ஒங்கம்மா மறைச்சா, நானும் மறைச்சேன். குதிருக்குள்ள எறக்குனதும் நாந்தான். நான் எங்க போயி யாரைத் திட்ட?"

பிறகு வாசலில் இருந்தவளைக் கூப்பிட்டு, அவள் சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். இரண்டு வட்டத் தழும்பு. "இவளுக்குக் குத்தியாச்சு" என்றார், ஏதோ எனக்குப் பதில் சொல்லவேண்டியவர் மாதிரி.

ஏழு வருஷமாக, உனக்குத் தெரியாமல் உன் உயிரைத் திருடிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அந்தச் சொம்பை வாங்கிக் குடித்தாய். பத்து வயசில் உனக்கு யாரடி அவ்வளவு தைரியம் கொடுத்தது? நாம் சேர்ந்து எழுத வேண்டும் என்பதற்காகவா? இல்லை, முகம் சுளித்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்பதற்காகவா? இதை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். "ஆனா பரீட்சை அன்னைக்கு அவ ஒடம்பு லேசா சுட்டாலும் அனுப்பக் கூடாது அத்தை. பள்ளிக்கூடமே போனாலும் போகட்டும். நீங்களே நிறுத்திரணும்."

அத்தை தன் மகளின் சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டார். பிறகு என்னிடம் திரும்பிச் சொன்னார்:

"நான் நிறுத்த மாட்டேன்த்தா. என்னால முடியாது, எனக்கே தெரியும். அன்னைக்கு விடிஞ்சதும் நீ இங்கிட்டு வந்து தொட்டுப் பாரு. நான் அழுதாலும் கேக்காத. அவ அழுதாலும் கேக்காத."

சரி என்று சொல்லியிருக்கிறேன். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது. இன்று காலையில் முதல் பாடம் எடுத்தேன். எடுப்பதற்கு முன்னால் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. ஆனாலும் கையை எடுக்க எனக்கு நேரமாயிற்று. அவள், "என்னக்கா, கணக்கு நெத்தியிலயா இருக்கு?" என்று கேட்டாள்.