வாற ஆக்களுக்கு வைத்த தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? பேசாலையில் காற்று அடங்கிவிட்டதா? நான் சுகம்.

கரவெட்டியில் எங்கள் நிறுவனம் வீடு வீடாகக் கொடுத்த மண்வடிகட்டிகளைப் பார்க்கப் போனேன். குணலட்சுமி அக்கா வடிகட்டிய தண்ணீரைப் பளபளக்கும் செம்பில் தந்தார். உள்ளே அவர் மகள் வயிற்றோட்டத்தில் படுத்திருந்தாள்.

"நீங்களும் இதைத்தானே குடிக்கிறியள்?"

"இல்லைப் பிள்ளை, இது வாற ஆக்களுக்கு. எங்களுக்குக் கிணத்துத் தண்ணி காணும், அதுவே போதும்."

அதை மகளுக்கு முதலில் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில்தான் நினைவு வந்தது: நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தபோது, நான் வாங்கித் தந்த வடிகட்டியில் எனக்கு மட்டும்தான் தண்ணீர் வார்த்தீர்கள்.

கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள், ஒரு ஆளுக்குக் காணும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அம்மா, நான் இல்லாத நாட்களிலும் அதில் குடியுங்கள்.

உங்கள் மேர்சி