மிச்சமுள்ள வேலிக்காக ஒரு பொய்

நிந்தவூர்
14.6.1980

அன்பு மகன் ஜவுபருக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கச்சி றாஹிலாவும் ஆடும் கோழியும் சுகம், உன் வாப்பாவும் உடம்புக்குச் சுகம்தான், புத்திக்கு எப்படி என்பதை நீயே வாசித்து முடிவுசெய்துகொள். குவைத்தில் வெயில் கடுமை என்று எழுதியிருந்தாய், தலையில் துணி போடாமல் வெளியே இறங்காதே, தேத்தண்ணீரோடு மட்டும் காலைச் சாப்பாட்டை முடிக்காதே.

இரண்டு மாதத்துக்கு முன் நீ ஒரு கடிதம் போட்டாயே, அங்கே எல்லா வீட்டுக்கும் மதிலும் கம்பியும்தான், நம் வளவைச் சுற்றியுள்ள பச்சை வேலி பாம்புக்குத்தான் நல்லது, வெட்டிவிட்டு முள்ளுக்கம்பி அடித்தால் நிலமும் கொஞ்சம் கூடும் என்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் மகன். மறுநாளே வாப்பா கத்தியோடு இறங்கி றோட்டுப் பக்கத்தையும் றுகையா வீட்டுப் பக்கத்தையும் மொட்டையடித்துக் கம்பி இழுத்துவிட்டார். கிளுவை, பூவரசு, ஆடாதோடை, அதில் படர்ந்த முசுட்டை ஒன்றும் மிச்சமில்லை. நான் வேண்டாம் என்று கத்தினேன், புள்ள இவ்வளவு காலத்தில கேட்டது இது ஒண்டுதான், அதையும் செய்யாம இரிக்கவா என்றார்.

அன்றிலிருந்து நடப்பதைக் கேள். வேலி வேருக்குள் இருந்த கீரிக் குடும்பம் போய்விட்டது, எலிகள் வந்துவிட்டன. வாப்பாவின் நல்ல தொப்பியைக் குதறி அதற்குள்ளேயே ஒரு எலி ஆறு குட்டி போட்டிருக்கிறது. போன ஜும்ஆவுக்கு நீ ஓதப் போகும்போது போட்ட சின்னத் தொப்பியை உச்சியில் வைத்துக்கொண்டு போனார், தொழுகையில் சுஜூது செய்யும்போது அது முன்வரிசைக்குப் போய்விட்டதாம். ஆட்டுக்கு ஒடிக்கக் குழையில்லை, அது பாயைத் தின்றது, பிறகு உன் படத்தில் ஒரு காதைத் தின்றது, மற்றக் காது பத்திரம். கச்சான் காற்றை மறிக்க ஒன்றுமில்லாமல் றோட்டுமணல் நேராகக் கறிச்சட்டிக்குள் வருகிறது. றுகையா முன்பு வேலிப் பொட்டால் குனிந்து நுழைந்து வருவாள், இப்போது முக்காடு போட்டு றோட்டைச் சுற்றி வரவேண்டும். ஒருநாள் சோம்பலில் கம்பிக்கு மேலால் வட்டிலப்பம் தரப் பார்த்தாள், அவளை விடுவிக்க எனக்கு முக்கால் மணித்தியாலம் சென்றது, வட்டிலப்பத்தைக் கோழி சாப்பிட்டது.

பூசணி கதைதான் பெரிய வெட்கம். ஆடாதோடைப் பூவுக்கு வந்த தேனீ ஒன்றும் வளவுக்குள் வருவதில்லை, பூசணி பூத்துப் பூத்து உதிர்கிறது. கோழியிறகால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து மற்றப் பூவில் தடவினால் காய்க்கும் என்று யாரோ வாப்பாவுக்குச் சொல்லிவிட்டார்கள். சுபஹு தொழுதுவிட்டு இறகும் கையுமாக நிற்கிறார். வேலியில்லாத வளவல்லவா, பஸ்ஸுக்குப் போகிற சனமெல்லாம் நின்று பார்க்கிறது. முதல் மூன்று நாளும் அவர் ஆண் பூவுக்கும் ஆண் பூவுக்கும்தான் சம்பந்தம் பேசியிருக்கிறார் என்று றுகையாதான் கண்டுபிடித்தாள். வேலி பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறேன் மகன், வேலி போனதால் பயிர் போன கதையை இந்த வருஷம்தான் பார்க்கிறேன்.

சிரித்தது போதும், இனி விஷயம். மிச்சமிருப்பது வயல் பக்கத்து வேலி மட்டும். அதையும் வெட்ட இந்தத் திங்கட்கிழமைக்கு ஆள் பேசிவிட்டார். பக்கத்து வயல்காரர் வீரமுனை வல்லிபுரம் அண்ணன் ஓடிவந்து வாப்பாவிடம், காக்கா, மிச்சக் கீரியும் எலி புடிக்கிற செண்பகமும் அதுக்குள்ளதான் இரிக்கி, அதையும் வெட்டினா எலி என்ர வயலிலயும் உங்கட வயலிலயும் ஒரு கதிர் விடாது என்று கெஞ்சினார். வாப்பா தலையை ஆட்டிவிட்டு, மகன் எழுதினது எழுதினதுதான் என்றார். கதிர் பால்பிடிக்கிற நேரம், வருஷச் சோறு அந்த வயலில்தான் நிற்கிறது. உனக்கு எழுதிப் பதில் வர மூன்று கிழமை செல்லும்.

ஆகையால் நேற்று நீ ஒரு கடிதம் எழுதினாய். நான் சொல்லச் சொல்ல றாஹிலா எழுதினாள், உன் பழைய உறைக்குள் வைத்தோம், வாப்பாவுக்குத்தான் எழுத்துத் தெரியாதே, வழக்கம்போல முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு றாஹிலாவை வாசிக்கச் சொன்னார். வயல் வேலியைத் தொடவேண்டாம், வெட்டிய பக்கத்துக்கும் மழை தொடங்கக் கிளுவைக் கம்பு நடுங்கள் என்று நீ சொல்லியிருந்தாய். நல்ல புத்தியாகத்தான் எழுதியிருந்தாய். வாப்பா உடனே ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். உன்னை மெச்சி அவர் சொல்ல றாஹிலா எழுதிய கடிதமும் இதே தபாலில் வருகிறது, அதை வாசித்துத் திகைத்துவிடாதே.

பொய் ஹறாம் என்று எனக்குத் தெரியும். நோன்புக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் நீ உன் கையால் அப்படியே எழுதி அனுப்பிவிட்டால் என் பாரம் கொஞ்சமாவது குறையும், மிச்சத்துக்கு நான் தௌபா செய்துகொள்கிறேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும், தொழுகையை விடாதே. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நான் சொல்லாத ஒரு வரியை றாஹிலா வாசிக்கும்போது தானாகச் சேர்த்துவிட்டாள், எங்கள் வாப்பாவைப் போல வயல் தெரிந்த ஆள் இந்த ஊரில் இல்லை என்று. அதை அவர் மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார், பிறகு முகம் கழுவப்போகிறேன் என்று கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் நின்றார். நீ எழுதும்போது வேலியை மறந்தாலும் அந்த வரியை விட்டுவிடாதே.

இப்படிக்கு உனக்காக துஆச் செய்யும் உம்மா
சல்மா உம்மா