அளந்து ஊற்றிய கியர் ஆயில்

அக்கா,

நேற்று ஷெட்டில் இருந்தவர்கள்: என் காருக்கு அடியில் நான், டார்ச்சோடு நீ, வேடிக்கை பார்க்க மச்சான். தரையில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

வடித்த ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலைக் கொட்டப் போனேன். நீ கையைப் பிடித்தாய். "அளக்காம கொட்டிட்டா, புதுசு எவ்வளவு ஊத்தணும்னு எப்படித் தெரியும்? பாதியில விட்டுட்டு வந்த நைட் ஷிப்ட் வேலை மாதிரி இதையும் அரைகுறையா விடாதடா."

சுருக்கென்றது. ஆனால் அளந்து ஊற்றியதால்தான் கியர் இப்போது உதறாமல் விழுகிறது. இன்று புதுப் பகல் வேலையில் சேருகிறேன்; முதல் நாளே காரில் போகிறேன். நன்றி.

பழைய ஆயிலை வடித்துப் பிடித்தது உன் மாவு பிசையும் பேசினில். இனி அதில் பிசையாதே, வேறு வாங்கி வருகிறேன்.

உன் வீட்டுச் சாவி ஆணியில்; நான் என் சாவியால் பூட்டிக்கொள்கிறேன்.

பி.கு.: நைட் ஷிப்ட்டைச் சொல்லிக்காட்டிய கோபத்தில் நேற்று ராத்திரி உன் முகத்தில் அறைகிற மாதிரி கதவைச் சாத்தினேன். இன்று நீ தூங்குகிறாய். சத்தமில்லாமல் சாத்திப் பூட்டிவிட்டுப் போகிறேன்.