இரண்டு தலையணை

வெள்ளிக்கிழமை, இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அத்தையிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

மாமா இறந்த பிறகு அத்தை குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் பெரிய கப்பலில் தனியாகப் போகப் போகிறாராம். இன்று நான் பள்ளி விட்டு வந்ததும் கணினியில் அறை பார்க்கச் சொன்னார்.

"ஒரு ஆள் போனாலும் ரெண்டு பேர் காசு கேக்குறான், அத்தை."

"கேக்கட்டும்லா. மாமா படுத்துக்குவாரு. ரெண்டு தலகாணி இருக்கா, பாரு."

நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. மாமாவின் அஸ்தியை லூமுட் கடலில்தான் கரைத்தோம். "எல்லாக் கடலும் ஒரே தண்ணிதானே" என்று சொல்லி, தண்ணீருக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்திலேயே அறை எடுக்கச் சொன்னார்.

"திரும்பி வர டிக்கெட்டு?"

"அது வேணாம்."

காய் வாங்கப் பசாருக்குப் போனாலும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்பவர் அத்தை. கப்பலைப் பற்றி மட்டும் 'போறேன்' என்றே சொல்கிறார். "போயிட்டு வாரேன்னு ஒரு தடவ சொல்லுங்க, அத்தை" என்று கெஞ்சினேன். என் கன்னத்தைத் தடவிவிட்டு, "அப்பாகிட்ட சொல்லாத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நாளை டிக்கெட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். பொத்தானை நான்தான் அழுத்த வேண்டும். சத்தியம் போனால் போகட்டும், இப்போதே அப்பாவை எழுப்பிச் சொல்லப் போகிறேன். இவ்வளவு நேரம் அடுத்த அறையில் அத்தை யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

கதவு தட்டப்படுகிறது. அப்பா தட்ட மாட்டார், பெயரைச் சொல்லித்தான் கூப்பிடு