ஹக்குபாவில் லிஃப்ட் இல்லை

நவம்பர் 3, திங்கள்

மதியம் இரண்டுக்கே மழை. எங்கள் பேட்டை பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சாக்கடை வாடை. துவைத்தது எதுவும் காயவில்லை.

டிசம்பரில் ஜப்பான், பனிச்சறுக்கு. லீவு எல்லோருக்கும் கிடைத்துவிட்டது, ஊர்தான் முடிவாகவில்லை. இரவுச் சாப்பாட்டில் மகள் ஷெரன் ஆரம்பித்தாள்.

"மம்மி, ஸ்டெல்லா சித்தியையும் கூட்டிட்டுப் போலாம். ஒம்பது வருஷமா தாத்தாவோட கிள்ளான் வீட்டுலயே கெடக்குறாங்க. செராஸ்ல ஒரு கேர் ஹோம் இருக்கு. பத்து நாள் தாத்தாவைப் பாத்துக்குவாங்களாம்."

"நல்ல ஐடியாலா," என்றேன். மனசுக்குள் கூடவே கூடாது.

அப்பாவை ஹோமில் தள்ளிவிட்டுச் சறுக்கப் போனார்கள் என்று சர்ச்சில் பேசுவார்கள். அது வெளியே சொல்லக்கூடிய காரணம். சொல்ல முடியாதது இது: தங்கச்சி வந்தால் என் பிள்ளைகள் அவளோடுதான் உட்காருவார்கள். முன்பு கேமரன் மலை போனபோது நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், அவள் என் பிள்ளைகளோடு சேர்ந்து எதற்கோ அழுகிற அளவுக்குச் சிரித்தாள். இன்னும் ஒன்று. இந்த வருடம் ஹோமில் பத்து நாள் என்றால், அடுத்த வருடம் அப்பா என் வீட்டில் பத்து நாள் என்பார்கள்.

பூண்டு வாங்க வேண்டும். கேஸ்காரனுக்கு போன்.

நவம்பர் 4, செவ்வாய்

காலை முழுக்க, ஜப்பானில் பார்த்துவைத்த இரண்டு பனிச்சறுக்கு ஊரையும் அலசினேன்.

நிசேகோ: சப்போரோவுக்கு நேரடி விமானம், பிறகு ஒரே பஸ். ஹோட்டலுக்குள்ளேயே வெந்நீர்க் குளம். லிஃப்ட் உண்டு. கிழடுகளும் முட்டிவலிக்காரர்களும் படத்தில் சிரிக்கிறார்கள்.

ஹக்குபா: விமானம், ரயில், பஸ். நாங்கள் பார்த்த விடுதியில் அறை மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. தெருவிலிருந்து வாசல் வரை ஏற்றம், பனி உறைந்தால் வழுக்குமாம்.

ஸ்டெல்லாவுக்கு இடது முட்டி போய்விட்டது. ஆகவே ஹக்குபா.

வீட்டுக்காரரிடம் சொன்னேன், சரிவுகள் அங்கேதான் பிரமாதம் என்று. எனக்குச் சரிவு என்றால் பாங்சார் சாலை மட்டும்தான் தெரியும். அவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். கல்யாணமாகி முப்பது வருடமாக இதே தலையாட்டல்தான்.

நவம்பர் 8, சனி

வெயில். தலைவலி. கத்தரிக்காய் கருகியது.

ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன். ஷெரன் பக்கத்தில் இருந்ததால் ஸ்பீக்கரில்.

"ஹக்குபான்னு முடிவு பண்ணியிருக்கோம். மூணு மாடி ஏறணும், லிஃப்ட் கெடையாது. உன் முட்டி தாங்குமான்னுதான் யோசிக்கிறேன்."

"அப்பாவைத் தூக்கி பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடக்குறவதானேக்கா நான். மூணு மாடி என்ன."

இதை எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு எப்போதும் பதில் தயாராக இருக்கும். ஷெரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"அப்ப நீயும் வரியா?"

"ஐயோ, வேணாங்க்கா. அப்பா இருக்காரு. நீங்க போயிட்டு வாங்க."

போனை வைத்ததும் ஷெரனுக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கு மட்டும் தெரியும், இது மறுப்பு இல்லை. எங்கள் வீட்டுப் பழக்கம். எதைக் கொடுத்தாலும், எங்கே கூப்பிட்டாலும் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை கேட்டால்தான் சரி. அம்மா பிரம்பால் பழக்கியது. அத்தை வீட்டில் கேக்கை முதல் தடவையே எடுத்துவிட்டு, நாங்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வரும்வரை கிள்ளு வாங்கியிருக்கிறேன். எனக்கு அது எப்போதோ விட்டுப்போனது. ஸ்டெல்லா இன்னும் ஜெபம் மாதிரி வைத்திருக்கிறாள்.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து அவரும் நானும் கிள்ளானுக்கு. ஃபெடரல் ஹைவேயில் ஜாம். அவர் வழியெல்லாம் ஏப்பம்.

வீட்டில் மூத்திர வாடை, அதன் மேல் டெட்டால். அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "யாரும்மா, நர்ஸா?" என்றார். ஸ்டெல்லாவை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவள் கீழே உட்கார்ந்து அவர் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். முடி நரைத்துவிட்டது, சாயம் பூசுவதில்லை. ஐம்பத்தொன்றில் என்னைவிடக் கிழவி. பார்க்கத் திருப்தியாக இருந்தது.

வீட்டுக்காரர் முன்னாலேயே கேட்டேன், சாட்சி வேண்டும் அல்லவா.

"என்ன ஸ்டெல்லா, வரியா ஜப்பானுக்கு?"

"வேணாங்க்கா. எனக்கு எதுக்கு பனியெல்லாம்."

சொல்லிவிட்டு நகவெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தாள். நான் கைப்பையில் கார் சாவியைத் தேடினேன். சாவி அவரிடம் இருந்தது.

"சரி, அப்ப நாங்க கெளம்புறோம்," என்றேன்.

அவள் குனிந்து அடுத்த நகத்தை வெட்டினாள். வெட்கமாகத்தான் இருந்தது. மீன் கறி சாப்பிட்டதும் சரியாகிவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

குடும்ப குரூப்பில் போட்டேன்: 'ரெண்டு தடவை கேட்டாச்சு. ஸ்டெல்லாவே வேணாம்னு சொல்லிட்டா. கட்டாயப்படுத்தக் கூடாது.' கீழே பூ, கைகூப்பு.

அவர் போனைப் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பப் பழக்கம் அவருக்கும் தெரியும், பெண் பார்க்க வந்த அன்று அவர் கொண்டுவந்த பலகாரத்தையே எங்களுக்கு மூன்று தடவை நீட்ட வேண்டியிருந்தது. பிறகு சட்னி கேட்டார்.

ஷெரன்: "சித்திக்கு நெஜமாவே இஷ்டம் இல்லையா மம்மி?"

"நீயே கேட்டேல்ல, ஸ்பீக்கர்ல."

விடுதி புக் ஆயிற்று. நான்கு பேர்.

நவம்பர் 15, சனி

மேகமூட்டம். மாவு அரைத்தேன். ஷெரனும் அவள் தம்பியும் வெளியே.

பதினொன்றுக்கு வாசலில் ஸ்டெல்லா. கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வந்திருக்கிறாள், அப்பாவைப் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் விட்டுவிட்டு. கையில் பெரிய பிளாஸ்டிக் பை. வேர்த்துக் கொட்டியது.

பையிலிருந்து ஒரு குளிர் ஜாக்கெட். நீலம், தடிமன். பழைய துணிக் கடையில் எடுத்ததாம். கையுறையும் இருந்தது. துவைத்து, மடித்து, கற்பூர உருண்டை போட்டு வைத்திருந்தாள்.

"எப்ப வாங்குன?"

"ஆகஸ்ட்டுல. ஷெரன் சும்மா மெசேஜ் போட்டுச்சு, போலாம் சித்தின்னு. பாத்தேன், எடுத்துட்டேன். இப்ப அந்தப் புள்ளைக்கே ஆகும்லக்கா."

வாங்கிக்கொண்டேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. செருப்பை மாட்டினாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கேட்டைத் திறந்த பிறகு திரும்பினாள்.

"அக்கா. நீங்க ரெண்டு தடவைதான் கேட்டீங்க."

சத்தமில்லாமல்தான் சொன்னாள். பிச்சை கேட்கிற குரல் கூட இல்லை. நினைவுபடுத்துகிற குரல். அவள் இப்படிக் கேட்க எவ்வளவு வெட்கப்பட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும், எங்கள் இரண்டு பேரையும் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

"மழை வருது ஸ்டெல்லா. ட்ரெயினைப் புடி," என்றேன்.

ஷெரனுக்கு ஜாக்கெட் சரியாக இருந்தது.