சிறகை மடக்கும் விமானம்

அன்பு மகனே,

"புது 777 விமானம் வரட்டும், அதில் ஹம்சாவோடு வருகிறேன்" என்று நீ எழுதி ஆறு வருடமாகிறது. அது இன்னும் வரவில்லை. எனக்கும் அது வசதியாகவே இருந்தது. பழையதைவிட அதில் ஜன்னல் பெரிது, காற்றில் ஈரம் அதிகம் என்று உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"பழசு இன்னும் பறந்துகினுதான கீது? அதுல வரச் சொல்லுங்க" என்றாள்.

முன்பு அவளுக்கு மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதிய டாக்டர் இப்போது ஒரு வாரத்துக்குத்தான் எழுதுகிறார். சிக்கனக்காரர் போலும்.

புதியதன் சிறகு மிக நீளம். பழையது நிற்கும் இடத்துக்குள் நுழைய, தரையிறங்கியதும் நுனிகளை மடக்கிக்கொள்ளுமாம்.

உனக்கும் ஹம்சாவுக்கும் கல்யாணமான அன்று, மலைக்கோயிலில் சமைக்கும் உன் மாமனார் கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலை, "படைச்சதைத் தொட மாட்டோம்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். திருச்சபை மூப்பருக்குரிய உறுதி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

நேற்று உன் அம்மா அந்தப் பொங்கலைக் கேட்டாள். தூக்குச்சட்டியோடு அவர் வாசலில் போய் நின்றேன்.

"வாங்க மூப்பரே. நீங்க திருப்பின பொங்கல் ஆறி ஏழு வருஷம் ஆச்சு" என்றார். சூடாகவே கொடுத்தார்.

உன் அம்மா இரண்டு வாய் சாப்பிட்டாள். மீதியை நான் சாப்பிட்டேன்.

பழையதிலேயே வாருங்கள், இருவரும். இந்த வாரமே.

உன் நைனா